3 இன் 1 டைனோசர் பிளாக்ஸ் செட்: டி-ரெக்ஸ் நிக்கவே மாட்டேங்குது, செட் சரியில்லையா, நான் தப்பா மாட்டிட்டேனா?

தண்டையார்பேட்டை மாமா:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா பையனுக்கு போன ஞாயித்துக்கிழமை 7 வயசு முடிஞ்சுது. ரெண்டு மாசமா டைனோசர் டைனோசர்னு அதே பேச்சுதான், சரின்னு எம்.சி.ரோடுக்கு துணி எடுக்க போனப்ப பக்கத்து சந்துல ஒரு பொம்மை கடையில சின்ன பிளாக்ஸ் செட் ஒண்ணு வாங்கினேன், 480 ரூபா. டப்பா மேல 168 பீஸ்னு போட்டிருக்கு, ஒரே பீஸுங்கள வச்சு டி-ரெக்ஸ், ட்ரைசெராடாப்ஸ், றெக்கை வச்ச ஒண்ணு, மூணும் மாத்தி மாத்தி செய்யலாமாம். லெகோ இல்ல, அதோட சேர்ற மாதிரி வர்ற வேற கம்பெனி.

ராத்திரி நானும் அவனும் உக்காந்து ரெண்டு மணி நேரம் செஞ்சோம். பாக்க நல்லாத்தான் இருக்கு, வாய் திறக்குது, நகம்லாம் வெள்ளையா கூர்மையா இருக்கு. ஆனா நிக்க வச்சா பத்து எண்ணுறதுக்குள்ள முன்னாடி சாய்ஞ்சு மூக்குல வுழுது, அதுவும் நேரா இல்ல, கொஞ்சம் வலது பக்கமா. வால் மேல தூக்கி வச்சா மெதுவா தானா கீழ எறங்குது. சில பீஸ் நகத்தால நெம்புனாதான் வருது, சிலது தொட்டாலே கழண்டுக்குது. கடைசில நாலு பீஸ் மிச்சம் வேற.

பையன் அதை மாவு டப்பா மேல சாய்ச்சு வச்சிட்டு "மாமா இதுக்கு உடம்பு சரியில்ல, நாளைக்கு நிக்கும்"னு சொல்லிட்டு தூங்கிட்டான். எனக்கு அதைக் கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. திருப்பி குடுத்துடலாமா, இல்ல சரி பண்ண வழி இருக்கா? செட் தரமானதுதானான்னு எப்படி பாக்குறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராயபுரம் பிரிக்ஸ்:

அண்ணா மொதல்ல ஒண்ணு, அந்த மிச்சம் வந்த நாலு பீஸ் என்னென்ன? அதை சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

தண்டையார்பேட்டை மாமா:

ஒத்தை குமிழ் இருக்குற குட்டி பீஸ் மூணு (ரெண்டு ஆரஞ்சு, ஒண்ணு வெள்ளை), அப்புறம் தட்டையா ஒரு கருப்பு பீஸ், மேல ஆறு குமிழ், அதாவது 2க்கு 3.

ராயபுரம் பிரிக்ஸ்:

அப்ப பாதி விஷயம் தெரிஞ்சுடுச்சுண்ணா. குட்டி பீஸுங்க எல்லா செட்லயும் ஒண்ணு ரெண்டு கூடவே வரும், அது தொலைஞ்சு போற சைஸ்னு கம்பெனியே சேத்து போடுவாங்க. ஆனா 2க்கு 3 தட்டை யாரும் எக்ஸ்ட்ராவா தரமாட்டாங்க. அது மிச்சம் இருக்குன்னா எங்கயோ ஒரு ஸ்டெப்ல விட்டுட்டீங்கன்னு அர்த்தம். மேனுவல்ல கால் செய்யுற பக்கத்துல மூலையில 2x னு போட்டிருக்கா பாருங்க. அப்படி இருந்தா அந்த துண்டை ரெண்டு தடவை செய்யணும், முக்கால்வாசி பேர் கோட்டை விடுற எடம் அதுதான்.

செட் பத்தி சொல்லணும்னா, இதே ஐடியால லெகோவே 2017ல 31058னு ஒரு செட் விட்டாங்க, 174 பீஸ், அதுலயும் டி-ரெக்ஸ், ட்ரைசெராடாப்ஸ், டெரோடாக்டைல் மூணும் வரும். என்கிட்ட இருக்கு, அதனாலதான் இவ்ளோ சொல்ல முடியுது. வேற கம்பெனி செட்னாலே டூப்ளிகேட்னு நெனைக்க வேணாம். லெகோ பிரிக்குக்கு 1958 ஜனவரி 28ல பேட்டன்ட் போட்டாங்க, அதோட காலம் எப்பவோ முடிஞ்சுடுச்சு, அந்த அளவுல யார் வேணா செய்யலாம். நல்லா செஞ்சிருக்காங்களாங்கறதுதான் கேள்வி.

காசிமேடு அம்மா:

தம்பி, வூட்ல சின்ன குழந்தை யாராச்சும் இருக்கா? இதை யாரும் கேக்கலியே. என் பொண்ணுக்கு ஒன்னரை வயசு இருக்கும்போது அண்ணன்காரனோட பிளாக்ஸ்ல இருந்து ஒரு கண்ணு பீஸை எடுத்து வாயில போட்டுக்கிச்சு, வெரல் வுட்டு எடுக்குறதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சு. மூணு வயசுக்கு கீழ இருக்குற குழந்தைங்களுக்கு ஆகாதுன்னு டப்பால படம் போட்டிருக்குறது சும்மா இல்ல. அந்த ஒத்தை குமிழ் பீஸுங்கதான் ரொம்ப ஆபத்து, மிச்சம் வந்த மூணையும் இப்பவே ஒரு டப்பால போட்டு மேல வச்சிருங்க.

இன்னொன்னு, டப்பால ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா பாருங்க. 2021 ஜனவரி 1ல இருந்து 14 வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க பொம்மைக்கு அது கட்டாயம். முத்திரை கிட்ட சிஎம்/எல்னு ஒரு நம்பர் இருக்கும், அந்த முத்திரை குடுக்குற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்த கம்பெனின்னு காட்டும். அது இல்லன்னா சரி பண்றதெல்லாம் அப்புறம், நேரா கடைக்கு எடுத்துட்டு போயிடுங்க.

தண்டையார்பேட்டை மாமா:

அக்கா ரொம்ப நன்றி. எங்க வூட்ல சின்னவ இருக்கா, ஒரு வயசு எட்டு மாசம். நீங்க சொன்னதும் எழுந்து போய் பாய்க்கு அடியில தடவி பாத்தேன், ஒரு வெள்ளை நகம் பீஸ் அங்க கெடந்துச்சு. இனிமே கட்டில் மேலதான், கீழ வேணாம்னு பையன்கிட்ட சொல்லிட்டேன். முத்திரை இருக்கு, நம்பர் போட்டு பாத்தேன், டப்பால இருக்குற அதே கம்பெனி பேரு வருது.

பெரம்பூர் லோகோ:

தம்பி, நான் லோகோ ஒர்க்ஸ்ல ஃபிட்டரா வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், பேரனுக்காக இந்த பிளாக்ஸ் எல்லாம் கத்துக்கிட்டேன். ஒரு செட்டு நல்லதா இல்லையான்னு பீஸ் எண்ணிக்கைய வச்சு சொல்ல முடியாது, புடிமானத்தை வச்சுதான் சொல்லணும். அதுக்கு மைக்ரோமீட்டர் எல்லாம் வேணாம், பையன் ஸ்கூல் ஸ்கேலே போதும்.

கணக்கு இதான்: ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் நடுவுக்கு நடு 8 மி.மீ., பிரிக் உயரம் 9.6 மி.மீ., தட்டை பீஸ் 3.2 மி.மீ., அதாவது மூணு தட்டை சேந்தா ஒரு பிரிக். குமிழோட விட்டம் 4.8 மி.மீ. இப்ப பத்து பிரிக்கை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி அமுக்குங்க, மேல் குமிழை வுட்டுட்டு அளந்தா சரியா 9.6 செ.மீ. வரணும். 9.7, 9.8னு வந்தா எங்கயோ சரியா ஒக்காரலன்னு அர்த்தம். அப்புறம் அந்த தூணை நடுவுல புடிச்சு வெளிச்சத்துக்கு நேரா காட்டுங்க, இடுக்குல வெளிச்சம் தெரியக்கூடாது, லேசா ஆட்டினா வளையக்கூடாது. ஒரு பீஸ் கெட்டி ஒரு பீஸ் லூசுன்னா அச்சு தேஞ்சு போனதா இருக்கலாம், இல்ல பீஸ் மேல எண்ணெய் பூச்சு இருக்கலாம். அச்சுல இருந்து ஒட்டாம வர்றதுக்கு ஒண்ணு அடிப்பாங்க, அது சில சமயம் பீஸ் மேலயே தங்கிடும். வெரல்ல தேச்சு பாருங்க, வழவழன்னு இருந்தா அதான்.

தண்டையார்பேட்டை மாமா:

ஐயா அளந்துட்டேன். பச்சை பிரிக் பத்து கெடைக்கல, ஆறுதான் இருந்துச்சு, ஆறுக்கு 5.76 வரணும் இல்லியா, ஸ்கேல்ல 5.8க்கு ஒரு முடி கீழ காட்டுது. வெளிச்சமும் தெரியல. ஆனா வால் ஜாயின்ட்ல இருக்குற உருண்டை பீஸை வெரல்ல தேச்சா வழவழன்னு இருக்கு, சட்டையில தொடச்சா லேசா கறை மாதிரி படியுது.

காசிமேடு அம்மா:

அப்ப கழுவிடுங்க. சுடுதண்ணி வேணாம், கை பொறுக்குற வெதுவெதுப்பு போதும், 40 டிகிரிக்கு மேல போகக்கூடாது. பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு. அரிசி வடிக்கிற கூடையில போட்டு அலசுங்க, சிங்க்ல நேரா போட்டா குட்டி பீஸ் ஓட்டையில போயிடும். மொட்டை மாடி வெயில்ல காய வைக்காதீங்க, பிளாஸ்டிக் வெளுத்துடும், துண்டு மேல பரப்பி ஃபேன் கீழ வைங்க. குழிக்குள்ள தண்ணி நிக்கும், கவுத்து வைக்கணும்.

புளியந்தோப்பு டீக்கடை:

இவ்ளோ எதுக்குப்பா, லூசா கீற எடத்துல ஒரு சொட்டு ஃபெவிக்விக் வுடு, ஆடாது அசையாது.

ராயபுரம் பிரிக்ஸ்:

வேணாம்ணா, தயவுசெஞ்சு வேணாம். ஒட்டிட்டா டி-ரெக்ஸ் டி-ரெக்ஸாவே இருந்துடும், மத்த ரெண்டும் எப்படி செய்வாங்க? பசை அந்த உருண்டைய சுத்தி படிஞ்சுட்டா மறுபடி எடுக்கவும் முடியாது. சிலர் உருண்டைக்கு கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் அடிச்சு ஒரு ராத்திரி காய வச்சு மாட்டுவாங்க, புடிமானம் வரும், நானே பண்ணிருக்கேன், ஆனா நாளாவட்டத்துல உரியும், சின்ன குழந்தை இருக்குற வீட்ல அதுவும் வேணாம்னுதான் சொல்வேன்.

அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. இந்த செட்ல உருண்டை ஜாயின்ட் எல்லாம் ஒரே பீஸ்தான், வால், இடுப்பு, கழுத்து, கை எல்லாத்துலயும் அதே. ஒவ்வொண்ணையும் தனியா மாட்டி கிடைமட்டமா நீட்டி புடிச்சு ஒரு நிமிஷம் பாருங்க, எறங்காம நிக்கிறதை ஒரு பக்கம், எறங்குறதை ஒரு பக்கம் வைங்க. கெட்டியா இருக்குறதை வால்லயும் இடுப்புலயும் போடுங்க, லூசா இருக்குறதை கைக்கு குடுத்துடுங்க. டி-ரெக்ஸோட கை எந்த பாரத்தையும் தாங்கப்போறதில்ல.

வியாசர்பாடி டீச்சர்:

மாமா, அது ஏன் முன்னாடியே வுழுதுன்னு பையனுக்கு சொல்லிக் குடுக்க இது அருமையான சந்தர்ப்பம், அதனால எழுதுறேன். டி-ரெக்ஸுக்கு தலை ரொம்ப பெருசு, ரெண்டே காலு. அந்த தலையோட கனத்தை பின்னாடி நீளமான வால்தான் ஈடு கட்டுது, இடுப்பை நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் தராசு மாதிரி. வால் நேரா பின்னாடி நீண்டிருந்தாதான் அதுக்கு பலம், கீழ தொங்குச்சுன்னா இடுப்புக்கு கிட்ட வந்துடும், அப்ப தராசோட அந்த பக்கம் கை நீளம் கொறஞ்சு போகும், தலை ஜெயிச்சுடும். உங்க செட்ல நடக்குறது அதான், வால் எறங்க எறங்க மூக்கு கீழ போகுது.

ரொம்ப வருஷம் பெரியவங்களே இதை தப்பா நெனைச்சாங்க. நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியத்துல 1915ல டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டை வால் தரையில இழுபட நிமிர்ந்து நிக்கிற மாதிரிதான் வச்சாங்க. 1990கள்லதான் கழட்டி முதுகும் வாலும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி மாத்தி நிறுத்தினாங்க. உங்க டப்பா படத்துல வால் எப்படி இருக்குன்னு பாருங்க.

மூணாவது மாடல் றெக்கை வச்சது டெரோடாக்டைல்னா அது டைனோசரே இல்ல, அது பறக்குற வேற ஊர்வன குடும்பம். டப்பால என்ன எழுதியிருந்தாலும் பையனுக்கு சரியானதையே சொல்லுங்க, இந்த வயசுல கேட்டது மறக்காது.

தண்டையார்பேட்டை மாமா:

டீச்சர், படத்துல வால் நேராதான் இருக்கு, நாங்கதான் தொங்க விட்டிருக்கோம். சாயங்காலம் பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் எல்லாரும் சொன்னபடி பண்றோம். நம்ம ஊர்ல டைனோசர் இருந்துச்சான்னு கேட்டான், என்ன சொல்லட்டும்?

வியாசர்பாடி டீச்சர்:

டி-ரெக்ஸும் ட்ரைசெராடாப்ஸும் வட அமெரிக்காவுல, சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷம் முன்னாடி, ஒரே காலத்துல இருந்ததுங்க. நம்ம பக்கம்னா அரியலூர் சொல்லுங்க. அங்க கல்லமேடு பக்கத்துல கெடைச்ச எலும்பை வச்சு 1987ல ப்ருஹத்காயோசாரஸ்னு பேரு வச்சாங்க, ப்ருஹத் காயம்னா பெரிய உடம்பு. நீள கழுத்து வகை, உலகத்துலயே ரொம்ப பெருசுங்கள்ல ஒண்ணா இருக்கலாம்னு பேசப்படுறது. வருத்தம் என்னன்னா அந்த எலும்புங்க காப்பாத்த முடியாம நொறுங்கி போச்சு, படமும் குறிப்பும்தான் மிச்சம்.

தண்டையார்பேட்டை மாமா:

நின்னுடுச்சு!!

நடந்ததை வரிசையா சொல்றேன், நாளைக்கு யாருக்காச்சும் உதவும். மொதல்ல காலை கழட்டினோம். ராயபுரம் தம்பி சொன்னது அப்படியே சரி, மேனுவல் மூலையில 2x னு பொடி எழுத்துல இருக்கு. இடது பாதத்துக்கு அடியில கருப்பு தட்டை போட்டிருக்கோம், வலது பாதத்துக்கு போடல. டியூப்லைட்ல கருப்பும் கரும்பச்சையும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. 3.2 மி.மீ. தான், ஆனா அந்த ஒரு கால் அவ்ளோ குட்டையா இருந்ததாலதான் வலது பக்கமா சாய்ஞ்சிருக்கு. அந்த பீஸை பையனே கண்டுபுடிச்சு "மாமா செருப்பு போடல"ன்னு சொல்லி அவன் கையாலயே மாட்டினான்.

அப்புறம் ஜாயின்ட் எல்லாத்தையும் வடிகூடையில கழுவி காய வச்சோம். தண்ணி மேல மெல்லிசா எண்ணெய் படலம் மிதந்துச்சு. காஞ்சதும் ஒவ்வொண்ணா நீட்டி வச்சு பாத்தோம், பையன் அறுபது வரைக்கும் எண்ணினான். ஒம்போதுல ஏழு நின்னுச்சு, ரெண்டு எறங்குச்சு. அந்த ரெண்டும் கைக்கு போயிடுச்சு.

வாலை நேரா நீட்டி ஃப்ரிட்ஜ் மேல நிக்க வச்சோம், ஃபேன் அஞ்சுல ஓடுது, பக்கத்துல அக்கா மிக்ஸி போட்டா, அசையல. காலைல எழுந்து பாத்தேன், அப்படியே நின்னுட்டு இருக்கு, வாலு முன்ன இருந்ததுக்கு ஒரு நூல் எறங்கியிருக்கும் அவ்ளோதான். செட் நல்ல செட்டுதான், திருப்பி குடுக்கல.

இப்ப புதுசா ஒரு கேள்வி. ட்ரைசெராடாப்ஸ் செய்யணும்னா இதை பிரிக்கணும். பையன் பிரிக்கவே விடமாட்டேங்குறான், இப்பதான் உடம்பு தேறியிருக்குங்குறான்.

பெரம்பூர் லோகோ:

வுடுங்க தம்பி, ஒரு மாசம் நிக்கட்டும். என் பேரனும் இப்படித்தான், ஒரு நாள் அவனே வந்து "தாத்தா பிரிக்கலாம்"னான். அன்னைக்கு இடுப்பு ஜாயின்ட் ரெண்டையும் தனியா ஒரு டப்பால எடுத்து வைங்க, ட்ரைசெராடாப்ஸுக்கு நாலு காலு, கெட்டி ஜாயின்ட் அங்க நாலு வேணும்.