கீமோ பக்கவிளைவுகள்: வாட்ஸ்அப்பில் எதை, எந்த நாளில் அனுப்புவது?

டேகேர் செவிலியர்:
கீமோ ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் டேகேர் பிரிவு எங்களுடையது. மார்பகப் புற்றுநோய்க்கு 21 நாளுக்கு ஒருமுறை ஏசி கீமோ (டாக்சோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற இரு மருந்துகள்) 4 சைக்கிள், பிறகு பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து எடுப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பக்கவிளைவுகளை விளக்கப் போகிறோம். வீட்டுக்குக் கிளம்பும்போது தரும் தாளைப் பலர் திரும்ப எடுத்தே பார்ப்பதில்லை. குரூப் வைக்கலாமா? எதை எப்போது அனுப்புவது?

மருந்தாளுநர்:
எல்லாத்தையும் ஒரே நாளில் கொட்டினால் பயம்தான் மிஞ்சும். மருந்து ஏறிய நாளை வைத்துப் பிரிங்க. அன்று மாலையே போக வேண்டியது: சிவப்பு மருந்தால் (டாக்சோரூபிசின்) ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும், அது ரத்தமில்லை, அதற்கு மேலும் நீடித்தாலோ எரிச்சல் இருந்தாலோ உடனே சொல்லணும். மறுநாள் வாந்தி மாத்திரை பற்றி: குமட்டட்டும் என்று காத்திருக்காமல் எழுதிக்கொடுத்த நேரத்துக்குப் போடணும். அந்த வாந்தி மாத்திரையான ஒண்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும். அதைச் சொல்லாவிட்டால் பலர் மாத்திரையையே நிறுத்திவிடுவாங்க.

5ஆம் நாள் வாய்ப்புண். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், உப்பு கால் டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்பணும். பாக்கெட் படத்தையும் சேர்த்து அனுப்புங்க, துணி துவைக்கும் சோடாவை எடுத்துவிடக் கூடாது.

முதல் கீமோவுக்குப் பிறகு 2-3 வாரத்தில் முடி கொட்டும். அந்தச் செய்தி 10ஆம் நாளே போகட்டும், தலையணையில் பார்த்த பிறகு போய்ப் பயனில்லை.

புற்றுநோய் மருத்துவர்:
உயிர் காக்கும் செய்தி ஒன்றுதான், அதைத் தனியாக அனுப்புங்க. 7 முதல் 14ஆம் நாள் வரை தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு மிகவும் குறையும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வரணும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது, டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேணும். அளக்கும் முன் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் அடங்கிவிடும், தொற்று உள்ளே வளரும். குளிர் நடுக்கம் வந்தால் காய்ச்சல் காட்டாவிட்டாலும் வரட்டும். வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு செய்தியின் அடியிலும் 24 மணிநேரத் தொலைபேசி எண் இருக்கணும்.

நோயாளர் ஆலோசகர்:
குரூப் வேண்டாம். ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். நோயை ஊரில் சொல்லாத பெண்கள் நிறைய. கூடவே முள்சீத்தா கஷாயம் புற்றுநோயைக் குணமாக்கும் என்கிற மாதிரி ஃபார்வர்டுகளும் வந்து விழும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போகும் என்பதால், டேகேரிலேயே அவங்க போனில் சேமித்து, ஒரு செய்தி வந்து சேர்ந்ததா பார்த்து வீட்டுக்கு அனுப்புங்க. போன் மகனிடமோ கணவரிடமோ இருக்கும். யார் எண்ணுக்கு அனுப்புவது, மாதவிடாய், தாம்பத்தியம் பற்றிய செய்தி அதில் வரலாமா என்று முதலில் அவங்களையே தனியாகக் கேளுங்க. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குரல்பதிவு, ஒரு பதிவில் ஒரே விஷயம்.

டேகேர் செவிலியர்:
நன்றி. பாக்லிடாக்சலுக்கு?

மருந்தாளுநர்:
2-3ஆம் நாள் உடம்பு வலி. விரல் மரமரப்பைத்தான் அழுத்திச் சொல்லணும்: சட்டைப் பட்டன் போட முடியலை, செருப்பு கழன்றது தெரியலை என்றால் அடுத்த டோசுக்கு முன்பே சொல்லணும். டோஸைக் குறைக்கலாமா என்று டாக்டர் முடிவெடுக்க அதுதான் வேணும்.