ஜெபத்தில் மனம் ஒன்றாதபோது

கேள்வி (திருவையாறு):
குறுவை நடவு தொடங்கியது முதல் விடியுமுன்னே மடை திறக்க வயலுக்குச் செல்வதால், இரவில் வேதத்தைக் கையில் எடுத்தவுடன் கண் சொருகுகிறது. ஜெபமும் உதட்டோடு நின்றுவிடுகிறது. தேவன் என்னை விட்டு விலகிவிட்டார் என்று இதற்குப் பொருளா, ஐயா?

பதில் (தரங்கம்பாடி):
அப்படிக் கொள்ள வேண்டாம், தம்பி. கர்த்தர் தம்மை மறந்துவிட்டாரோ என்று தாவீது முறையிடும் 13-ஆம் சங்கீதமும் ஜெபமாகவே வேதத்தில் இருக்கிறது. எப்படி வேண்டுவது என்று அறியாத நம் பலவீனத்தில் ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் ரோமருக்கு (8:26) எழுதியிருப்பதையும் வாசியுங்கள். சோர்வை மறைக்காமல் அதையே முதலில் அவரிடம் சொல்லுங்கள். கண்ணீர் வந்தால்தான் ஜெபம் என்று சில கூட்டங்களில் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

பதில் (பூண்டி):
நாங்கள் கத்தோலிக்கர். வரப்பில் நடந்தபடியே செபமாலையின் பத்து மணிகளை உருட்டி முடிப்பது என் தகப்பனார் வழக்கம். மனம் அலைந்தாலும் விரல் அடுத்த மணிக்கு இழுத்து வந்துவிடும்.

பதில் (கும்பகோணம்):
இயேசுவே இருட்டோடு எழுந்து தனித்த இடத்தில் ஜெபித்தார் என்கிறது மாற்கு 1:35. மடை திறந்து தண்ணீர் கடைசி வயலுக்குப் பாயும்வரை காத்திருக்கும் பொழுதைப் பயன்படுத்துங்கள், தம்பி. இரவில் வீட்டார் வாசிக்க, நீங்கள் கேட்டாலே போதும்.