ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்பாவுக்கு ஏ.எஃப்.ஓ: கணுக்கால் உரசுகிறது, குதிகால் தூக்குகிறது. சைஸ் மாற்றினால் சரியாகுமா?

குமார்_நாமக்கல்

அப்பாவுக்கு 63 வயது. போன வருடம் ஸ்ட்ரோக் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், ஆனால் இடது பாதம் தொங்குகிறது. அடி எடுத்து வைக்கும்போது விரல் நுனி தரையில் தட்டுகிறது. ஃபிசியோ ஏ.எஃப்.ஓ (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கிற சாதனம்) போடச் சொன்னார். சர்ஜிக்கல் கடையில் செருப்பு சைஸைச் சொல்லி, ‘ட’ வடிவ வெள்ளை பிளாஸ்டிக் ஒன்று வாங்கி வந்தோம்.

பிரச்சினை இதுதான். வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பில் விளிம்பு உரசி, கழற்றிய பிறகும் வெகுநேரம் சிவப்பாகவே இருக்கிறது. நாலு அடி நடந்ததும் குதிகால் உள்ளே மேலே ஏறிவிடுகிறது. அவருடைய பழைய ஷூவில் காலே நுழையவில்லை. அவரோ “வலிக்கவில்லை, விடு” என்கிறார். ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் போதுமா? ஆன்லைனில் கார்பன் ஃபைபர் பார்த்தேன், அது நல்லதா?

ராஜ்_அவிநாசி

விளிம்பு உரசினால் அடுப்பில் லேசாகக் காட்டி வெளியே வளைத்துவிடுங்கள், அல்லது உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

ஆர்த்தோடிஸ்ட்_மதுரை

ராஜ், அடுப்பு வேண்டாம். அது பாலிப்ரொப்பிலீன், சூட்டில் இளகுகிற பிளாஸ்டிக். இதை அளவெடுத்துச் செய்கிற ஆர்த்தோடிஸ்ட்களான நாங்கள் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வைத்து ஒரு இடத்தை மட்டும் சூடாக்கி வெளியே தள்ளுவோம். அடுப்பில் காட்டினால் எந்தப் பக்கம் கோணும் என்று சொல்ல முடியாது, கோணிய பிளாஸ்டிக் வேறொரு இடத்தில் குத்தும்.

குமார், சைஸைப் பிறகு பார்ப்போம். முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அப்பாவைப் படுக்க வைத்து, முழங்காலை நீட்டியபடி பாதத்தை மெதுவாக மேலே தள்ளுங்கள். காலுக்கும் பாதத்துக்கும் 90 டிகிரி வருகிறதா, அதற்கு முன்பே கெண்டைச்சதை இழுத்துப் பிடிக்கிறதா? அடுத்து, நடக்கும்போது பாதம் தொங்க மட்டும் செய்கிறதா, உள்பக்கமாகவும் திரும்புகிறதா? மூன்றாவது, கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தைத் தொட்டால் எந்த இடம் என்று அவரால் சொல்ல முடிகிறதா? சர்க்கரை உண்டா?

குமார்_நாமக்கல்

சார், பார்த்தேன். 90 வருகிறது, ஆனால் கஷ்டப்பட்டுத்தான். வேகமாகத் தள்ளினால் கால் விறைத்து உதறுகிறது. நடக்கும்போது நன்றாகவே உள்ளே திரும்புகிறது, பாதத்தின் வெளி ஓரம்தான் முதலில் தரையில் படுகிறது. தொட்ட இடத்தைப் பாதி நேரம் தப்பாகச் சொல்கிறார். சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறது.

ஆர்த்தோடிஸ்ட்_மதுரை

அப்படியானால் பெரிய சைஸ் வாங்கினாலும் இதே கதைதான். நீங்கள் வாங்கியது கணுக்காலுக்குப் பின்னால் மெலிந்து, ஸ்பிரிங் மாதிரி வளைகிற வகை. நரம்பு அடிபட்டுப் பாதம் துவண்டு தொங்குபவர்களுக்கு அது அருமையாக வேலை செய்யும். பாதத்தைத் தூக்கிப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை, பக்கவாட்டில் பிடிக்காது. உங்கள் அப்பாவுக்கு இறுக்கமும் இருக்கிறது, திருகலும் இருக்கிறது. பாதம் உள்ளே திரும்பும்போது வெளிக் கணுக்கால் போய் விளிம்பில் மோதுகிறது. கெண்டைச்சதை இழுக்கும்போது குதிகால் மேலே ஏறுகிறது. நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் காரணம் இதுதான்.

அவருக்குப் பெரும்பாலும் கணுக்கால் மடங்காத சாலிட் வகை வேண்டியிருக்கும். அதன் ஓரங்கள் கணுக்கால் எலும்புக்கு முன்பக்கம் வரை வந்து இரண்டு பக்கமும் பிடிக்கும். கணுக்காலின் முன்னால் குறுக்காக ஒரு பட்டை போகும், குதிகாலைப் பின்னால் இழுத்து உட்கார வைப்பது அதுதான். கடைச் சரக்கில் பல நேரம் அந்தப் பட்டையே இருக்காது. மூட்டு வைத்த வகையும் உண்டு. அதில் படி ஏறுவதும் உட்கார்ந்து எழுவதும் சுலபம். ஆனால் அதற்குக் கெண்டைச்சதையில் நீளம் வேண்டும். சதை குறுகிய காலில் மூட்டு வைத்தால் கணுக்கால் மடங்குவதற்குப் பதில் நடுப்பாதம் மடங்கும். முடிவை நேரில் பார்க்கிறவர் எடுக்கட்டும்.

கார்பன் ஃபைபர் எடை குறைவு, துள்ளலும் உண்டு. இவ்வளவு விறைப்பும் திருகலும் உள்ள காலுக்கு ரெடிமேடாக வாங்குவது பணத்துக்குக் கேடு. உரசினால் சூடாக்கித் திருத்தவும் வழியில்லை.

இன்னொன்று, இதுதான் அவசரம். உணர்ச்சி குறைவு, சர்க்கரை, இரண்டும் சேர்ந்த காலில் “வலிக்கவில்லை” என்பதை நம்பவே கூடாது. இப்போதிருப்பதைப் போடுவதை நிறுத்துங்கள். கழற்றி அரை மணி நேரத்துக்குள் மறையாத சிவப்பு புண்ணுக்கு முந்தைய கட்டம்.

செல்வி_தஞ்சை

தம்பி, என் வீட்டுக்காரருக்கும் இதே இடது பக்கம்தான். அளவெடுக்கப் போகும்போது, போடப்போகும் ஷூவைக் கையோடு கொண்டு போங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாய் அகலமாகத் திறக்கிற, வெல்க்ரோ வைத்த, உள்ளட்டையைக் கழற்ற முடிகிற ஷூவாக இருக்கட்டும். அட்டையைக் கழற்றினாலே பாதி இடம் கிடைத்துவிடும். சில சமயம் ஒரு சைஸ் கூடுதலாகவும் வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொரு தொல்லை, உள்ளே ஷூ போடும் வழக்கமில்லை. வெறும் பிளாஸ்டிக்கோடு டைல்ஸில் நடந்தால் வழுக்கிவிடும். வெளியே போடாத ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் முணுமுணுத்தார், நான் கண்டுகொள்ளவில்லை. முழங்கால் வரை வரும் தையல் இல்லாத பருத்திச் சாக்ஸ் நாலைந்து வாங்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு மத்தியானம் ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும்.

ஆர்த்தோடிஸ்ட்_மதுரை

செல்வி அம்மா சொன்ன ஷூ விஷயம் ரொம்ப முக்கியம். சாலிட் வகையில் கணுக்கால் மடங்காது, அதனால் ஷூவின் குதி உயரம் மாறினால் முழங்கால் மாறும். குதி உயர்ந்தால் முழங்கால் முன்னால் மடங்கப் பார்க்கும், தாழ்ந்தால் பின்னால் தள்ளும். வீட்டு ஜோடி, வெளி ஜோடி இரண்டும் ஒரே குதி உயரத்தில் இருக்கட்டும்.

குமார்_நாமக்கல்

நன்றி சார், நன்றி அக்கா. எங்கே போவது? அரசு உதவி கிடைக்குமா?

ஆர்த்தோடிஸ்ட்_மதுரை

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த ஆர்த்தோடிஸ்ட்டாகப் பாருங்கள். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி, முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகிய இடங்களில் இதற்கான பிரிவு இருக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் முதலில் விசாரியுங்கள். மாவுக்கட்டு போட்டுக் காலின் அச்சை எடுப்பார்கள். அந்த நேரத்தில் பாதத்தை நேராகப் பிடித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். கோணலான அச்சில் கோணலான ஏ.எஃப்.ஓதான் வரும்.

உதவிக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்ற சான்றும், யு.டி.ஐ.டி அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் வருமான வரம்பு உண்டு.

குமார்_நாமக்கல்

அப்டேட்: சாலிட் வகைதான் செய்து கொடுத்தார்கள். முன்பட்டை இருக்கிறது, குதிகால் அசையவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் மேல் விளிம்பு அழுத்துகிறது. நாள் முழுக்கப் போடலாமா? இரவிலும் போடணுமா?

ஆர்த்தோடிஸ்ட்_மதுரை

அந்த இடத்தில் ஒரு எலும்பு முண்டு இருக்கிறது, அதைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது. அங்கே அழுத்தவே கூடாது. செய்து கொடுத்தவரிடம் கொண்டு போய் விளிம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். அழுத்துகிற தோலில் கொஞ்சம் லிப்ஸ்டிக் தடவி, சாக்ஸ் இல்லாமல் ஒரு நிமிடம் மாட்டிக் கழற்றினால் பிளாஸ்டிக்கில் கறை விழும். எங்கே திருத்துவது என்று அவருக்குத் தேட வேண்டியிருக்காது.

திருத்தியதும் முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். கழற்றி, நல்ல வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். சரியாக இருந்தால் தினமும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். இரவுக்கு இது வேண்டாம். சதை குறுகாமல் இருக்க ராத்திரி போடுவது மெத்தை வைத்த வேறு ஸ்பிளிண்ட். அது தேவையா என்று ஃபிசியோவிடம் கேளுங்கள்.