சைட்கார் பந்தயத்தில் ‘பாசஞ்சர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

செ. எழுதியது:

வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டிடி மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் சைட்கார் பிரிவைப் (பைக்கின் பக்கத்தில் சக்கரம் வைத்த தட்டு ஒன்றைப் பொருத்தி இருவராகப் போவது) பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை மாலை கோப்பு போய்ச் சேர வேண்டும். சைட்கார் அப்படியே இருக்கட்டும், படிக்கிறவர்களுக்குப் புரியும். சிக்கல் அதில் போகிற இரண்டாவது ஆளிடம்தான். ஆங்கிலத்தில் பாசஞ்சர் என்கிறார்கள், நானும் ‘பயணி’ என்று போட்டேன். படத்தோடு ஓட்டிப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. வண்டி வளைவுக்குள் பாய்கிறது, அந்த ஆள் ஒரு கைப்பிடியைப் பற்றியபடி உடம்பு முழுவதையும் வெளியே தொங்கவிடுகிறார், தோள் தரையை உரசப் பார்க்கிறது, கீழே ‘பயணி இடப்பக்கம் சாய்கிறார்’ என்று எழுத்து ஓடுகிறது. பயணி என்றால் சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவர். இவர் உட்காரவே இல்லை. படத்தில் இந்தச் சொல் அறுபது இடத்துக்கு மேல் வருகிறது, அதனால் சின்னதாகவும் இருக்க வேண்டும்.

*

ந. எழுதியது:

அக்கா, சொல்லுக்குப் போகும் முன் அவர் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சக்கர பைக் வளைவில் தானாகச் சாயும். மூன்று சக்கரம் வைத்தது சாயாது. சைட்கார் இடப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடது வளைவில் திரும்பினால் பாரமெல்லாம் வலப்பக்கம் ஏறி, சைட்கார் சக்கரம் தரையை விட்டு எழும்பும், அதை அமுக்கத்தான் அவர் அந்தப் பக்கம் வெளியே தொங்குகிறார். வலது வளைவில் நேர்மாறு, பாரம் சைட்கார் மேல் போய்ப் பின்சக்கரம் இலேசாகிவிடும். எஞ்சின் விசை வாங்குவது அந்த ஒரு சக்கரம்தான், அதற்குப் பிடிமானம் போனால் எல்லாம் போயிற்று. ஆகவே ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் தாவி அந்தச் சக்கரத்தின் மேல் படுக்கிறார். நேர்ச்சாலையில் காற்றுத் தடுக்காதபடி தட்டோடு தட்டாக ஒடுங்கிவிடுவார். பெல்ட் கிடையாது, கட்டும் கிடையாது. டிடி சுற்று ஒன்று 60.7 கிலோமீட்டர், வளைவுகள் 200-க்கு மேல், அத்தனையிலும் அவர் இடம் மாற வேண்டும்.

நண்பர் ஒருவரின் வண்டியில் மெதுவான வேகத்தில் ஒருமுறை ஏறிப் பார்த்திருக்கிறேன். முதல் வளைவில் நான் கொஞ்சம் தாமதமாக நகர்ந்தேன், வண்டி வெளிப்பக்கமாக அகன்று போய்விட்டது. ஓட்டியவர் எதுவும் சொல்லவில்லை. என் எடை எங்கே இருக்கிறது என்பது ஹாண்டில்பாரிலேயே தனக்குத் தெரியும் என்று அப்புறம் சொன்னார். இதில் ஒருமுறை பழகியவர்கள் தனி பைக்குக்குத் திரும்ப மனம் வராமல் இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். பேச வழியில்லை, திரும்பிப் பார்க்க நேரமில்லை, இருவருக்கும் ஒரே உடம்பு.

எனவே ‘எடையாள்’, ‘நிறையாள்’ என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம். ஆங்கிலப் பேச்சுவழக்கில் குரங்கு என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் மொழியில் அதையேதான் சொல்கிறார்கள். ஜெர்மனில் ஷ்மியர்மாக்ஸே, அதாவது எண்ணெய் போடும் மாக்ஸ். தமிழிலாவது மரியாதையாக ஒரு சொல் அமையட்டும்.

*

கோ. எழுதியது:

நல்ல விளக்கம், தம்பி. நம்மிடம் ‘வலவன்’ இருக்கிறது. புறநானூறு 27-இல் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ வருவது எல்லோருக்கும் தெரிந்ததே. தேர் செலுத்துபவன். வலம் என்பதற்கு வலிமை, வெற்றி, வலப்பக்கம் மூன்றும் பொருள். பக்கப் பொருளிலிருந்தே வலவன் வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். தேரில் செலுத்துபவன் நின்ற இடத்தை வைத்து வந்த பெயராக இருக்கலாம். அப்படியானால் இடப்பக்கத்தில் நிற்பவன் ‘இடவன்’. வலவனும் இடவனும். நான்கே எழுத்து, செ. அம்மா கேட்ட சுருக்கமும் ஆயிற்று.

*

இ. எழுதியது:

ஐயா, இரண்டு தடை. ஒன்று, சைட்கார் எப்போதும் இடப்பக்கம் இருப்பதில்லை. சாலையில் இடப்பக்கமாகப் போகும் நாடுகளில் இடப்பக்கம் பொருத்துவார்கள், வலப்பக்கமாகப் போகும் நாடுகளில் வலப்பக்கம். பாதி உலகத்தில் உங்கள் இடவர் வலப்பக்கம் இருப்பார்.

இரண்டு, ‘அன்’ விகுதி. 1954-இல் டிடியில் போட்டியிட்ட முதல் பெண் இங்கே ஷ்டோல், அவர் இந்த இடத்தில்தான் போனார், ஓட்டியவர் ழாக் த்ரியோன். 2016-இல் பின்லாந்தின் கிர்சி கைனுலைனென் உலகப் பட்டம் வென்றதும் இதே இடத்தில் நின்றுதான். சொல் இருபாலுக்கும் பொருந்தியாக வேண்டும். சின்ன வயதிலிருந்து இந்தப் பந்தயத்தைப் பார்க்கிறேன், பெண்கள் ஆண்களோடு ஒரே வண்டியில் ஏறி ஒரே பட்டத்தை வாங்குகிற அருமையான விளையாட்டு இது. அதை விகுதியில் தொலைத்துவிட வேண்டாம்.

*

மா. எழுதியது:

‘இணையோட்டி’ என்று வைத்தால் எல்லோருக்கும் புரியுமே. சங்கப் பாட்டு வரைக்கும் போகத் தேவையில்லை. சொல்லைப் பார்த்ததும் பொருள் தெரிய வேண்டும், அடிக்குறிப்பு கேட்கிற கலைச்சொல் பிழைக்காது.

*

ந. எழுதியது:

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ராலி கார் பந்தயத்தில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவரை ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேலை. இதற்கு ஒரே ஆளே சாட்சி: டெனிஸ் ஜென்கின்சன் 1949-இல் எரிக் ஆலிவரின் சைட்காரில் போய் முதல் உலகப் பட்டத்தில் பங்கு பெற்றார். 1955 மில்லே மிலியா கார் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் பக்கத்தில் உட்கார்ந்து, சுருளில் எழுதி வைத்த குறிப்புகளைப் பார்த்து வளைவுகளைச் சைகையால் சொல்லிக்கொண்டே வந்தார், 10 மணி 7 நிமிடத்தில் வென்றார்கள். காரில் அவர் கண், சைட்காரில் அவர் உடம்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்த மனிதருக்குக் கணக்குத் தீராது.

தவிர, ஸ்டியரிங், பிரேக், கியர் எதுவும் இவர் கையில் இல்லை. ‘ஓட்டி’ என்ற பாதி அங்கேயே விழுந்துவிடுகிறது.

*

கோ. எழுதியது:

இடவனை விட்டுவிடுகிறேன். ‘பாங்கர்’ கேளுங்கள். பாங்கு, பாங்கர் என்றால் பக்கம். தலைவனின் பக்கத்தில் நிற்கும் தோழன் பாங்கன், தலைவியின் தோழி பாங்கி. அகப்பொருளில் பாங்கனும் பாங்கியும் இல்லாவிட்டால் காரியம் நகராது. பக்கம், தோழமை, இன்றியமையாமை மூன்றும் ஒரே வேரில். ‘ர்’ விகுதியால் இ. கேட்ட இருபாலும் கிடைத்தது. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் இந்த வேலைக்கு அமையாது என்று உறுதியாகச் சொல்வேன்.

*

மா. எழுதியது:

ஐயா, மன்னிக்கவும். பழைய நாளிதழ்களில் வங்கிக்காரரைப் ‘பாங்கர்’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள். இன்றும் படிப்பவர் முதலில் அப்படித்தான் படிப்பார்.

‘சமனர்’ எப்படி? வண்டியைச் சமன் செய்பவர்.

*

கோ. எழுதியது:

சமனருக்கும் சமணருக்கும் இடையே ஒரு சுழிதான் வேறுபாடு, தட்டச்சில் தினமும் மாறும். அதோடு நிகண்டில் சமன் என்பது யமனின் பெயர். உயிரைப் பணயம் வைத்து ஓடும் பந்தயத்தில் அந்தப் பெயரை வைக்க என் கை வராது.

சமன் என்றதும் குறள் 118 நினைவுக்கு வருகிறது: ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’. அதிலிருந்து ‘சீர்தூக்கி’ ஆக்கலாம். ஓட்டுபவர் ஓட்டி, சீர்தூக்குபவர் சீர்தூக்கி. இகர விகுதி தமிழுக்கு இயல்பு.

*

இ. எழுதியது:

அழகாக இருக்கிறது. ஆனால் சப்டைட்டிலில் ‘சீர்தூக்கி’ என்று வந்தால் ‘பார்த்தால்’ என்ற அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்போம். எச்சமாகவே காதில் விழுகிறது.

இன்னொன்று, அந்தக் குறளே இவருக்கு எதிராக நிற்கிறது. ஒருபால் கோடாமை, அதாவது ஒரு பக்கம் சாயாமைதான் கோலுக்குச் சிறப்பு. இவர் முழுக்க ஒருபால் கோடுபவர். வண்டி கோடக் கூடாது என்பதற்காகத் தான் கோடுகிறார். அவர் செய்கையின் பெயர் சாய்தல், சொல்லும் ‘சாய்’ என்ற அடியிலிருந்தே வர வேண்டும். டிடியில் முதல் சைட்கார் பந்தயம் 1923-இல் நடந்தது, ஃப்ரெடி டிக்சன் வென்றார். அவர் வண்டியில் சைட்காரே சாயும்படி அமைப்பு, அதை நெம்புகோலால் சாய்த்தவர் உடன் போன வால்டர் டென்னி. இந்த இடத்தில் இருப்பவரின் வேலை அன்றைக்கே சாய்ப்பதுதான். பிறகு நெம்புகோல் போய் உடம்பு வந்தது.

‘சாய்துணை’ என்கிறேன். வினைத்தொகை. சாய்ந்த, சாய்கின்ற, சாயும் துணை. சுற்று முழுக்க அவர் செய்வதும் அதுவேதான், முக்காலத்திலும்.

*

செ. எழுதியது:

இது பிடித்திருக்கிறது. பர்ச்சல் சகோதரர்கள் வரும் காட்சியில் போட்டுப் பார்த்தேன். 2023-இல் சைட்கார் ஒன்று மணிக்கு 120 மைல் சராசரியை முதன்முதலில் தாண்டிய டிடி சுற்று, 19 நிமிடத்துக்குள் முடிகிறது. ‘பென் ஓட்டுநர், தம்பி டாம் சாய்துணை’. உறவும் வேலையும் ஒரு வரியில் அடங்கிவிட்டது.

*

கோ. எழுதியது:

எனக்கு ஒப்புதல் இல்லை. சாய்துணை என்றால் நாம் சாய்ந்துகொள்ளும் துணை என்றும் விரியும். தலையணைக்கும் திண்டுக்கும் பொருந்தும் சொல் அது. அதோடு ‘துணை’ என்றாலே இரண்டாம் நிலை, துணைத்தலைவர், துணைவேந்தர் போல. உலகப் பட்டத்தில் இருவர் பெயரும் சமமாகப் பொறிக்கப்படும்போது தமிழ் ஏன் ஒருவரைக் கீழே இறக்க வேண்டும்?

*

ந. எழுதியது:

துணைக்கு இரட்டை என்றும் பொருள் உண்டே ஐயா. வாழ்க்கைத்துணை என்பதில் யார் இரண்டாம் நிலை? நீங்கள் சொல்லும் இன்னொரு விரிவும் எனக்குத் தப்பாகப் படவில்லை. வண்டி அவர் மேல் சாய்ந்துதான் நிற்கிறது. நான் சாய்துணைக்கு.

*

மா. எழுதியது:

எனக்கு இன்னும் பாசஞ்சர் என்றே எழுதலாம் என்று தோன்றுகிறது. சைட்காரை விட்டுவைத்தோம், இதை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்? ஆனால் நாளை வெள்ளிக்கிழமை. பெரும்பான்மையோடு போகிறேன்.

*

செ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘பாசஞ்சர் எனும் சாய்துணை’, அப்புறம் எல்லா இடத்திலும் சாய்துணை. கோப்பை இங்கே இணைத்திருக்கிறேன், யாராவது ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் உதவியாக இருக்கும். கோ. ஐயாவின் பாங்கரைத் தனியே குறித்து வைத்திருக்கிறேன்.

*

கோ. எழுதியது:

பார்த்தேன், அம்மா. என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும், பாங்கரே சரியான சொல். ஆனால் எட்டாவது நிமிடத்திலும் முப்பத்தோராவது நிமிடத்திலும் ‘சாய்த்துணை’ என்று தட்டியிருக்கிறீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அனுப்பும் முன் இரண்டு இடத்திலும் அந்த ஒற்றை எடுத்துவிடுங்கள்.