மழை ஓய்ந்த பிறகு வந்த வெள்ளம்

வன்னிக்கு வெள்ளம் புதிதன்று என்று முன்னர் எழுதிய நண்பரோடு எனக்கு முரண்பாடு இல்லை. 1964 டிசெம்பர்ப் புயலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். 2008 நவம்பரில் நிஷா புயலின் மழையை, இடம்பெயர்ந்திருந்த தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து நானே பார்த்தேன். ஆயினும் கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள முரசுமோட்டையில் வயல் செய்பவன் என்ற முறையில், 2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவை அவற்றோடு சேர்த்து எண்ண என்னால் முடியவில்லை. அன்று பெயர் சூட்டப்பட்ட புயல் எதுவும் எங்களை நோக்கி வரவில்லை, வெறும் மழைதான்.

மாலையில் முற்றத்தில் வெறுமையாகக் கிடந்த பெயின்ற் வாளி விடியும்போது அரைவாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. மழை சற்று ஓய்ந்ததும், இனி வடிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு வரம்பு பார்க்கப் போனேன். வடிகால் வாய்க்காலில் நீர் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பன்னங்கண்டிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பெடியன் ஒருவன், “அண்ணை, குளத்தைத் திறந்திட்டினம், மாடுகளை அவிட்டு விடுங்கோ” என்று கத்திக்கொண்டே போனான்.

நெல் அப்போது குடலைப் பருவத்தில், அதாவது கதிர் வெளிவராமல் இலையுறைக்குள் இருக்கும் பருவத்தில், நின்றது. மூன்றாம் நாள் நீர் இறங்கிய பின் ஒரு தண்டைப் பிடுங்கி இலையுறையை விரலால் அழுத்தினேன். சேற்று நீர் கசிந்தது. உள்ளே இருந்த இளங்கதிர் கறுத்திருந்தது. நான்கு ஏக்கரும் அப்படித்தான்.

வான்கதவுகளை முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும் என்ற கோபம் எனக்கும் இருந்தது. பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஓர் இலட்சம் கனமீற்றர் நீர். கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் நீரேந்து பரப்பு 500 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அதில் பாதி நீரை மண் குடித்தாலும் இரண்டரைக் கோடி கனமீற்றர் குளத்துக்கு வந்து சேரும். மார்கழியில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடப்பதால் பாதியைக்கூடக் குடிக்காது. அந்த வருடம் புனரமைப்பு முடிந்து, 34 அடி நீர் கொள்ளும் குளம் 36 அடி கொள்ளும் குளமாகியிருந்தது. நிறைந்து நின்ற குளத்துக்கு ஒரே இரவில் இவ்வளவு நீர் வந்தால் அணைக்கட்டைக் காப்பாற்றக் கதவுகளைத் திறப்பதன்றி வேறு வழியில்லை.

காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். வெப்பமான வங்கக் கடலின் மேலாக வரும் வாடைக்காற்று அதை முழுப் போகத்துக்கும் பகிர்ந்து தருவதில்லை. சில நாட்களில் கொட்டிவிட்டு மீதி நாட்களை வெறுமையாக விடுகிறது. ஆகவே ஒரு வருடத்தின் மொத்த மழையைச் சொல்லி ஆறுதல் அடைவதில் பயன் இல்லை. 2016இன் இறுதியில் காலபோக (மாரிகாலப் பயிர்ச்செய்கை) மழை பொய்த்து நாடே வறண்டு கிடந்ததற்கு இரண்டே வருடங்களின் பின்னர்தான் எங்கள் வயல் மூழ்கியது.

“அப்படியானால் ஐப்பசி, கார்த்திகையிலேயே நீரைத் திறந்துவிடலாமே” என்று கேட்பவர்கள், கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்துக்கான விவசாயிகள் கூட்டத்தில் ஒருமுறை இருந்து பார்க்க வேண்டும். அங்கே குளத்தின் ஒவ்வொரு அடியும் ஏக்கராக எண்ணப்படும். வவுனியா வடக்கில் என் மச்சானின் ஊர்ச் சிறுகுளத்தில், பெருமழை வருகிறது என்று பயந்து ஒருமுறை நீரை விட்டார்கள். பெருமழை வரவில்லை, சிறுபோகத்தில் அவருக்குக் கிடைத்தது அரை ஏக்கர். அடுத்த முறை யார் திறக்கச் சொன்னாலும் அவர் கை உயர்த்தப் போவதில்லை, அதில் நான் அவரைக் குறைசொல்லவும் மாட்டேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பற்றிய செய்தி வந்ததும், மழை பலக்க முன்னரே மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோனேன், மூட்டைகளைப் பரணில் ஏற்றினேன். எங்களைக் கடந்து போகும் நீர் கண்டாவளை, ஊரியான் வழியாகச் சுண்டிக்குளம் நீரேரிக்குப் போவது. அந்தப் பக்கத்து உறவுகள் யாராவது, உங்கள் வயல்களில் அந்த வெள்ளம் எத்தனை நாள் நின்றது என்பதை எழுதினால் நல்லது.