குழல் நீக்கிய பின் குழந்தைக்குத் தரும் சுவாச உதவி: ‘மூச்சுத்துணை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய குழலை எடுத்து வென்டிலேட்டரிலிருந்து விடுவித்த குழந்தைக்கு அடுத்து அளிக்கப்படும் உதவியைக் குறிக்க முன்வைக்கப்பட்டுள்ள ‘புறக்குழலாக்கப் பின்சுவாச ஆதரவு’ என்னும் தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒப்புதல் படிவத்தோடு நிற்கும் தாய்க்கு அது எதையும் உணர்த்தாது. ‘குழல்நீக்கத்துக்குப் பிந்தைய மூச்சுத்துணை’ என்பதை நான் முன்மொழிகிறேன்; நடைமுறைப் பேச்சில் ‘மூச்சுத்துணை’ என்று மட்டும் சொன்னாலே போதும்.

இந்தக் கட்டத்தில் மூச்சை இழுப்பதும் விடுவதும் குழந்தைதான். கருவி உடனிருந்து சுமையைக் குறைக்கிறது. கைக்குழந்தையின் விலா எலும்புகள் இளகியவை என்பதால் மூச்சை இழுக்கும்போது மார்பு உள்வாங்குகிறது. குழல் உராய்ந்த இடத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வீக்கமும் இருந்தால், ஏற்கெனவே குறுகலான அந்தப் பாதையில் மூச்சு கீச்சொலியோடு போய்வரும். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் முனகிக்கொண்டு, மூக்குத் துளைகள் விரிய மூச்சுக்குப் போராடும் குழந்தைக்குத் தேவைப்படுவதைத் ‘துணை’ என்பதே சரியாகச் சுட்டுகிறது.

‘குழல்நீக்கம்’ என்பதில் ஒரு சிக்கல் உண்டு. கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய குழலை எடுப்பதும் குழல்நீக்கம்தானே என்று கேட்கலாம். அதைக் ‘கழுத்துக்குழல் நீக்கம்’ என்று பிரித்துவிட்டால், வாய் அல்லது மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய குழலுக்கு அடைமொழியற்ற சொல்லே போதுமானது. அதை மீண்டும் செலுத்த நேர்ந்தால் ‘மறுகுழலிடல்’ எனலாம்.

துணையின் வகைகளில் கூடுதல் கவனம் வேண்டும். சூடேற்றி ஈரப்படுத்திய காற்றையும் ஆக்ஸிஜனையும் கலந்து, மூக்கில் பொருத்திய சிறு முனைகள் வழியே வேகமாகச் செலுத்துவதை ‘உயர்பாய்வு ஆக்ஸிஜன்’ என்று எழுதுவது பிழையான எண்ணத்தைத் தரும். உயர்ந்திருப்பது பாய்வு, ஆக்ஸிஜனின் விகிதம் அன்று. ஆகவே ‘உயர்பாய்வு மூச்சுத்துணை’ என்பதே சரி. மூச்சு முழுவதும் காற்றுப்பாதையில் சீரான அழுத்தத்தை நிலைநிறுத்தும் மற்ற முறைக்கு, அதன் ஆங்கிலப் பெயரிலுள்ள ‘பாசிட்டிவ்’ என்பதை ஒட்டி ‘நேர்மறை’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டாம் (பெற்றோர் அதை ஏதோ மனநல அறிவுரையாக எடுத்துக்கொள்வர்). ‘மிகையழுத்தம்’ என்றாலோ அளவுக்கு மீறியது எனத் தோன்றும். ‘தொடரழுத்த மூச்சுத்துணை’ போதும்.

இவ்விரண்டையும் ஒரே பெயரில் அடக்க முடியாது. குழல் நீக்கப்பட்ட 600 குழந்தைகளிடம் இவற்றை ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2022இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் வெளியானது. எல்லாத் துணையிலிருந்தும் விடுபட ஆன நேரத்தின் இடைநிலை மதிப்பு உயர்பாய்வில் 50.5 மணி, தொடரழுத்தத்தில் 42.9 மணி. உயர்பாய்வு மற்றதற்குக் குறைந்ததன்று என்பதை அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. இத்தகைய முடிவைத் தமிழில் எழுத இரு பெயர்களும் தனித்தனியே நிற்க வேண்டும்.

குழலை எடுத்தவுடன் முன்கூட்டியே தொடங்குவதைத் ‘திட்டமிட்ட துணை’ என்றும், மூச்சுத்திணறல் தென்பட்ட பிறகு தருவதை ‘மீட்புத் துணை’ என்றும் பிரிக்கலாம். பிந்தையதில் காத்திருந்து மறுகுழலிடலைத் தாமதப்படுத்தும் அபாயம் உள்ளதால், மருத்துவக் குறிப்பேட்டில் எது தரப்பட்டது என்பது தெளிவாகப் பதிவாக வேண்டும். ‘மீட்பு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் தெரிவியுங்கள். மற்றவற்றில் மாற்றம் தேவையில்லை என்றே கருதுகிறேன்.