டெமோ கிளாஸில் வேளச்சேரி

பனங்காட்டு நரி:

பேரிடர் மேலாண்மையும் ஜிஐஎஸ்ஸும் (கணினியில் வரைபடம் போட்டு ஆராய்வது) சேர்ந்த ஒரு தாளுக்கு உதவிப் பேராசிரியர் எடுக்கிறோம், வெளி நிபுணராக வந்து உட்காருங்கள் என்று ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். நேர்காணல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களும் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் போடுங்கள்.

மூன்று பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கு 20 நிமிடம் டெமோ கிளாஸ். கேட்பதற்கு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினைந்து பேரை உட்கார வைத்திருந்தார்கள்.

முதலாமவரிடம் ஆய்வுக் கட்டுரைகள் ஒரு கட்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ராடார் படத்தை வைத்து வரைந்திருந்தார். அழகான படம். அடையாறு நெடுக நீலம், பள்ளிக்கரணை முழுக்க நீலம், ஓரத்தில் துல்லியம் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் என்று ஒரு கட்டம். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். "சார், நான் அப்ப அஞ்சாவது. வேளச்சேரியில எங்க வீட்டுக்குள்ள தண்ணி இடுப்பளவு வந்துச்சு. படத்துல அங்க நீலமே இல்லையே?"

"படம் எடுத்த நேரத்தில் வடிந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

வடிந்தும் இருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ராடார் அலை தேங்கிய நீரில் பட்டால் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் மாதிரி எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும். செயற்கைக்கோளுக்கு ஒன்றும் திரும்பி வராது, அந்த இடம் கறுப்பாகத் தெரியும். கறுப்பை நீர் என்று எடுத்துக்கொண்டு வரைபடத்தில் நீலம் பூசுகிறோம். வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் நடப்பதே வேறு. தண்ணீரில் பட்ட அலை பக்கத்துச் சுவரில் மோதி, வந்த வழியே திரும்பிவிடும். டபுள் பவுன்ஸ் என்பார்கள். மூழ்கிய தெரு இன்னும் வெளுப்பாகத் தெரியும். கறுப்பை மட்டும் தேடினால் வேளச்சேரி காய்ந்த தரைதான். அதே சமயம் விமான நிலைய ஓடுபாதை மழையே இல்லாத நாளிலும் கறுப்பாகத்தான் இருக்கும்.

பிறகு அறைக்குள் தனியாக உட்கார்ந்தபோது, டபுள் பவுன்ஸ் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். சமன்பாட்டோடு சொன்னார்! தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு அதுதான் பதில் என்பது மட்டும் தோன்றவில்லை.

இரண்டாமவர் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை பிரிவு பிரிவாக ஒப்பித்தார். வரைபடம் என்று ஒன்றுகூடக் காட்டவில்லை.

மூன்றாமவர் ஒரு அம்மா. ஸ்லைடு எதுவும் இல்லாமல் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளையே திறந்தார். நாகப்பட்டினம் கடற்கரைக் கோடு. "இதிலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை வீடு இருக்குன்னு பார்க்கலாம்" என்று, கோட்டைச் சுற்றி அந்தத் தூரத்துக்குப் பட்டை போடும் பஃபரைத் தட்டினார். திரை முழுக்க ஊதா. நாகையைக் காணோம், கடலைக் காணோம். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நானாக இருந்தால் சட்டென்று மூடியிருப்பேன். அவர் அப்படியே விட்டுவிட்டு, "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டுக் காத்திருந்தார். ஒரு பையன் "கிலோமீட்டரா எடுத்துக்கிச்சா மேடம்?" என்றான். "கிட்டத்துல வந்துட்ட. இந்த ஃபைல் மீட்டர்ல இல்ல, டிகிரியில இருக்கு. 500 டிகிரி கேட்டிருக்கேன். உலகத்தையே சுத்தினாலும் 360தான்."

அப்புறம் மீட்டரில் அளக்கும் யூடிஎம் என்ற வரைபட முறையில் 44-ஆவது மண்டலத்துக்கு மாற்றிச் செய்து காட்டினார். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு 43, ஏனென்றால் இரண்டு மண்டலத்துக்கும் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாநிலத்தை நடுவே வெட்டுகிறது என்றும் சொன்னார். வேண்டுமென்றே செய்த தவறா என்று பிறகு விசாரித்தேன். "இல்ல சார், நிஜமாவே மறந்துட்டேன்."

அவரையும் சும்மா விடவில்லை. சுனாமி நீர் எதுவரை ஏறும் என்பதற்கு எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை எடுத்திருந்தார். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாளில் அளந்தது. பிழை 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு வைத்த இலக்கு. நாகைக் கரையோரத்தின் உயரமே சில மீட்டர்தானே என்றேன். "ஆமா சார், சவுக்குத் தோப்பைக்கூட மேடுன்னு காட்டும். அதை எப்படிச் சரி பண்றதுன்னு எனக்கு முழுசா தெரியாது" என்றார். எனக்கு அது போதும்.

மதிப்பெண் தாளில் கட்டுரைகளுக்குப் பெரிய கட்டம், டெமோவுக்குச் சின்னக் கட்டம். கூட்டிப் பார்த்தால் முதலாமவர். உடன்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வேலை அவருக்குத்தான் போனது.

தெற்குச் சீமை:

நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். ஓரிடத்தில் எந்த மென்பொருள், எந்த வெர்ஷன், ட்ரோன் ஓட்டுவீர்களா என்பதோடு முடித்துக்கொண்டார்கள். இன்னோரிடத்தில் ஒரு பெரியவர் வயநாட்டை எடுத்தார். 2024 ஜூலை 30 விடியுமுன் நிலச்சரிவு, மேலே மேகம், என்ன படம் காட்டுவீர்கள் என்றார். இஸ்ரோவின் ரிசாட் செயற்கைக்கோள் ராடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். "சரி. சூரல்மலையில பாலம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. ராணுவம் பெய்லி பாலம் போட்டு முடிக்க ஆகஸ்ட் 1 ஆச்சு. அதுவரைக்கும் முண்டக்கை பக்கம் போறவனுக்கு உங்க படத்துல என்ன இருக்கும்?" வாயடைத்துப் போனேன். சரிந்த பரப்பை மட்டும்தான் நான் வரைந்து பழகியிருந்தேன், வழியை வரைந்ததே இல்லை. வேலை கிடைக்கவில்லை, கேள்வி மட்டும் கூடவே வந்துவிட்டது.

கச்சேரி குமாஸ்தா:

நான் வாத்தியார் இல்லை, மாவட்ட அலுவலகத்தில் இருப்பவன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது எங்கள் மேசைக்கும் வரைபடங்கள் வந்தன. பல வண்ணத்தில் பிடிஎஃப். எங்கள் பிரிண்டர் கறுப்பு வெள்ளை. சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் ஒரே சாம்பலாக வந்தன, எது ஆபத்து எது பாதுகாப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர்ப்பெயரும் இல்லை. விஏஓ கேட்பது எந்தத் தெரு, எந்த ஓடை, எந்தக் கல்வெர்ட் அடைத்திருக்கிறது என்பது. நேர்காணலுக்கு வருகிறவரிடம் ஒரு ஏ4 தாளைக் கொடுத்து, விஏஓவுக்கு ஒரு படம் போடுங்கள், கறுப்பு மை மட்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

பனங்காட்டு நரி:

குமாஸ்தா அண்ணே, அடுத்த நேர்காணலுக்கு ஏ4 தாளோடுதான் போவேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அன்று கிளம்பும்போது அந்த வேளச்சேரிப் பெண் வராந்தாவில் மறித்தாள். அவள் நோட்டின் பின்னட்டையில் ஒரு சுவர், ஒரு தண்ணீர்க்கோடு, மேலே செயற்கைக்கோள் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப எங்க வீட்டுத் தெரு அந்தப் படத்துல பளிச்சுன்னு தெரியணுமே சார்?" வெள்ளத்துக்கு முந்தைய மாதப் படத்தையும் இறக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.